கொத்துக்கறிக்கு எதுக்குடா கண்ணாடிச் சட்டி?

வா கண்ணு, இப்பிடி ஒக்காரு. அந்தப் போனைச் சித்த அக்கட்ட வையி. என்னமோ கேசரோலு பண்ணப் போறியாமா? அம்மாயி சொன்னா. ஓவன் வந்துருச்சாம். கண்ணாடிச் சட்டி வந்துருச்சாம். பூப்போட்ட கையொறை, சீசு துருவறதுக்குத் தனி அரம், கறி வெந்துச்சான்னு குத்திப் பாக்கற ஊசி, எல்லாம் பொட்டி பொட்டியா வந்து எறங்கிருச்சாம். கறி வாங்கியாச்சான்னு கேட்டா, அதுக்கு நாளைக்குத்தான் ஆர்டரு போடோணும்கறே. ஏஞ்சாமி, கறியில்லாம எதைக் குத்திப் பாப்பே?

கேசரோலுன்னதும் உங்கம்மாயி சப்பாத்தி மூடி வெக்கற சூட்டுப்பொட்டியை எறக்கி வெளக்கி வெச்சுட்டா, பாவம். அப்பறம்தான் நீ போனுல காட்டுனே. மாட்டுக்கறியைப் பொடியா அரைச்சு, வெங்காயம் போட்டு வதக்கறது. உருளைக்கெழங்கோ மக்ரோனியோ சேக்கறது. அகலச் சட்டியில பரத்தி, மேல சீசைத் தூவி, 180 டிகிரியில அரைமணி நேரம் ஓவனுக்குள்ள தள்ளறது. அவ்வளவுதானே? இதைச் சொல்றதுக்கு அந்த வீடியோக்காரன் இருவது நிமிசம் பேசறான். அதுல பத்து நிமிசம் அவன் பாட்டி கதை.

அப்புச்சிக்கு எல்லாம் தெரியுமடா. பட்டிக்காட்டான்னு நெனைக்காத. அமெரிக்காவுல கேம்ப்பெல்னு ஒரு சூப்புக் கம்பெனி இருக்குது. 1934-ல காளான் சூப்பை டப்பாவுல அடைச்சு விக்க ஆரம்பிச்சாங்க. அங்கத்த பொம்பளைக அதைக் குடிச்சாங்களோ இல்லியோ, கொழம்பு கூட்டற வேலை மிச்சம்னு கண்ட பண்டத்துலயும் ஊத்த ஆரம்பிச்சுட்டாங்க. 1955-ல அந்தக் கம்பெனிச் சமையக்கட்டுல டோர்கஸ் ரெய்லின்னு ஒரு அம்மா பீன்சு மேல அந்தச் சூப்பை ஊத்தி, வறுத்த வெங்காயத்தைத் தூவி, ஓவன்ல வெச்சு எடுத்துச்சு. நாடு முச்சூடும் பரவிருச்சு. ஏன் பரவுச்சு? அப்பிடியொரு ருசியா? எந்த ஊட்டு அலமாரியிலயும் கெடக்கற சாமானை வெச்சே ஆக்கிரலாம், கடைசியில கழுவறதுக்குச் சட்டி ஒண்ணுதான். அதுக்குத்தான் பரவுச்சு.

அங்க அது அவசரத்துக்கு ஆக்கற சோறு. வேலைக்குப் போயிட்டு வந்து, நாலு கொழந்தைக்குப் போட்டுட்டு, காலை நீட்டறதுக்கு ஆக்கற சோறு. அதை நீ ஏழு பொட்டி சாமானு வாங்கி, ரண்டு நாளு லீவு போட்டு ஆக்கறே. அவங்க சிக்கனத்தைக் கப்பல்ல ஏத்தும்போதே எறக்கி வெச்சுட்டு, சட்டியை மட்டும் கொண்டாந்துட்டீங்களா?

அதே 1955-லதான் நம்ம கோயமுத்தூருல சபாபதின்னு ஒருத்தர் மாவாட்டற கல்லுக்கு மோட்டாரைப் பூட்டுனாரு. அதான் வெட் கிரைண்டரு. பொறவு அதுக்குப் புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க. அங்கயும் இங்கயும் யோசனை ஒண்ணுதான் பாத்துக்க. பொம்பளை கையி ஓஞ்சு போவுது, அதுக்கு ஒரு வழி பண்ணோணும். ஆட்டாங்கல்லுல ஒக்காந்து ஆட்டுனவளுக்குத்தான் தெரியும் அந்த மோட்டாரோட அருமை. மிசுனே வேண்டாம்னு சொல்ற ஆளில்ல நானு. வேலையைக் கொறைக்கற மிசுனா, கூட்டற மிசுனான்னு கேக்கற ஆளு.

சரி, கறிக்கு வருவோம். கறியை எதுக்குக் கொத்தறாங்க? யோசிச்சுப் பாத்தியா? ருசிக்குன்னு சொல்லுவே. பங்குக்குடா! அரைக்கிலோ கறியைத் துண்டாப் போட்டா, பெரிய துண்டு யாருக்குன்னு மாமன் மச்சான் பேச்சே நின்னு போயிரும். கொத்திப் போட்டா எட்டுப் பேருக்கும் எட்டும், யாருக்கு எச்சு யாருக்குக் கம்மின்னு கண்டுபுடிக்கவும் முடியாது. நாரு ஓடுன முத்தக்கறியும் கொத்துனா மெதுவாயிரும். பல்லில்லாத அப்புச்சியும் திங்கலாம், பல்லு மொளைக்காத பேரனும் திங்கலாம். வெள்ளைக்காரன் ஊருலயும் மிச்சக்கறியைக் கொத்தி, உருளைக்கெழங்கை மசிச்சு மேல மூடி வேக வெச்சது இந்தக் கணக்குலதான்.

மாட்டுக்கறின்னதும் எங்க ஆளுக மொகத்தைச் சுளிப்பாங்க. சுளிக்கட்டும். கெழட்டு எருதை ஓட்டிக்கிட்டுப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயி, கேரளத்து வேவாரிகிட்டத் துண்டுக்குள்ள கைய உட்டு வெலை பேசி, பணத்தை மடியில கட்டிக்கிட்டு வந்து, அந்த மாடு எங்க போச்சுன்னே தெரியாதவனாட்டத் திருநீறு பூசிக்குவாங்க. செவ்வாயும் வியாழனும் கூடற சந்தையில வாங்கறவன் அத்தனை பேரும் ஏரு ஓட்டவா வாங்கறான்? தின்னாத் தின்னுட்டுப் போறான், திங்காதவன் சும்மா இருந்துக்கலாம். உக்கடத்துலயும் கோட்டைமேட்டுலயும் எத்தனையோ குடும்பத்துக்கு அது ஞாயித்துக்கெழமைச் சோறு. அவங்கவங்க வட்டலு அவங்கவங்களுக்கு. அடுத்தவன் வட்டலை எட்டிப் பாக்கறதுதான் மருவாதி கெட்ட வேலை.

நீ தேடற பண்டத்துக்கு அமெரிக்கா வரைக்கும் போயிருக்க வேண்டாம். போத்தனூரு போயிருந்தாப் போதும். 1862-லயே ரயிலு வந்த ஊரு அது. ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியன் ஊடுகள்ல கைமா இல்லாத வாரமே கெடையாது. உருண்டை புடிச்சுக் கொழம்புல போட்டு, தேங்காப்பாலும் மஞ்சளும் சேத்து ஆக்குன மஞ்சச்சோத்தோட உங்குவாங்க. இன்னொண்ணு, பொட்டேட்டோ சாப்ஸ். மசிச்ச உருளைக்கெழங்குக்குள்ள வதக்குன கைமாவை வெச்சு மூடி, முட்டையில தோச்சு, ரஸ்க்குத் தூளுல பொரட்டி, கல்லுல போட்டு ரண்டு பக்கமும் செவக்க எடுக்கறது. உன்ற கேசரோலுல இருக்கற கறி, கெழங்கு, வெங்காயம் அத்தனையும் அதுல இருக்குது. ஓவன் இருக்குதா? தோசைக்கல்லுடா!

இப்ப அப்புச்சி பக்குவம் கேளு. எழுதிக்க வேண்டாம், மண்டையில வெச்சுக்க.

ஞாயித்துக்கெழமை வெள்ளனே எந்திரிச்சுக் கறிக்கடைக்குப் போ. ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ, உன்ற ஊட்டு வழக்கம் எதுவோ அது. அரைக்கிலோ தனிக்கறி, தொடைப்பக்கமாக் கேளு. சித்த கொழுப்பும் சேத்துப் போடச் சொல்லு. கொழுப்பே வேண்டாம்னு சொல்லிட்டு வந்து, ஊட்டுல மேல சீசைக் கொட்டற வேலை வேண்டாம். கறியைக் கொத்தறதுக்கு முன்னாலயே கழுவித் தரச் சொல்லு. கொத்துனதுக்கு அப்பறம் கழுவுனா அது தண்ணியைக் குடிச்சுக்கும், சட்டியில போட்டா வதங்காது, குளிக்கும். மிசுன்ல அரைக்காம கட்டையில வெச்சுக் கத்தியில கொத்திக் குடுத்தா நல்லது. பல்லுக்குக் கறின்னு தெரியோணுமல்ல?

கொத்துன கறியை அன்னைக்கே ஆக்கிரு. முழுக்கறியில வெளிப்பக்கம் மட்டுந்தான் காத்துப் படும், கையி படும். கொத்துனா எல்லாப் பக்கமும் வெளிப்பக்கந்தான். சீக்கிரம் கெட்டுப் போயிரும். நடுவுல செவப்பா உடறதெல்லாம் முழுத்துண்டுக்கு ஆகலாம், கொத்துக்கறிக்கு ஆகாது. நீ வாங்குனியே ஊசி, அது 71 டிகிரி காட்டோணும். உன்ற சாமானுகள்லயே புத்தியுள்ள சாமான் அது ஒண்ணுதான்.

சட்டியைக் காய வெச்சுக் கடலெண்ணெய் ஊத்து. ரண்டு கரண்டி மல்லி, எட்டு வரமொளகாய், ஒரு கரண்டி சீரகம், ஒரு கரண்டி மொளகு, ஒரு சிட்டிகை கசகசா, இதைத் தனித்தனியா வறு. ஒண்ணாக் கொட்டுனா சீரகம் கருகும், மல்லி பச்சையாவே நிக்கும். கால்மூடித் தேங்காயோட சேத்து அரைச்சுக்க. சின்ன வெங்காயம் கால்கிலோ. பெருசு பெருசா நாலு வெங்காயத்தை அரிஞ்சுட்டு வேலை முடிஞ்சுதுன்னு வந்து நிக்காத. உரிக்கக் கண்ணெரியும், எரியட்டும். வெங்காயம் நல்லாச் செவந்த பொறவு கறியைப் போடு, ஈரோட்டு மஞ்சளைப் போடு, உப்பைப் போடு. கறி தண்ணி உடும். பயந்துக்காத. அந்தத் தண்ணி சுண்டி, சட்டியில சடசடன்னு சத்தம் கேக்கற வரைக்கும் கெளறு. வாசம் வர்றது அப்பத்தான். அதுக்கு முந்தி மசாலாவைக் கொட்டறவன் வெந்த கறி திம்பான், வதங்குன கறி திங்க மாட்டான். மசாலாவைப் போட்டு ஒரு டம்ளரு தண்ணி ஊத்தி மூடி, சின்னத் தீயில அரைமணி. முடிஞ்சுது.

பட்டை, கிராம்பு, ஏலக்காய்னு கைநெறையா அள்ளிப் போடாத. காவிரிக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையத்துல கோழி வறுக்கறாங்களே, என்ன போடறாங்க? கிள்ளுன வரமொளகாய், சின்ன வெங்காயம், தேங்காப்பல்லு, மஞ்சள், உப்பு. பெரிய பெரிய ஓட்டலெல்லாம் அந்தப் பேரைப் போட்டு விக்குது. எத்தனை சாமான் சேத்தான்னு பாத்து யாரும் பேரு வாங்கலை கண்ணு.

எல்லாம் ஒரே சட்டியில இருக்கோணும், அதான கேசரோலோட அழகுன்னு சொல்றே? சரி, நம்மூட்டு அரிசிம்பருப்பு என்னவாம்? எங்க காலத்துல தெனமும் அரிசிச்சோறு கெடையாது. சோளச்சோறு, கம்மஞ்சோறு, ராயிக்களிதான். நெல்லஞ்சோறு நோம்பிக்கு, இல்லீன்னா ஒரம்பரை வந்தா. 1930-கள்ல பைக்காரா கரண்டு வந்து, கெணத்துக்கு மோட்டாரு வந்து, பொறவுதான் அரிசி அடுக்களைக்குள்ள தெகிரியமா வந்துச்சு. காட்டுல இருந்து பொழுதெறங்கி வந்த பொம்பளை ராத்திரிக்கு என்ன ஆக்குவா? 2 டம்ளரு அரிசி, முக்கா டம்ளரு தொவரம்பருப்பு, 7 டம்ளரு தண்ணி. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மொளகு, வரமொளகாய், ஒரு தக்காளி, கருவேப்பலை தாளிச்சு உட்டு ஒரே போசியில வேக உட்டுருவா. இப்பத்த ஆளுக குக்கருல வெச்சு மூணு விசிலு உடறாங்க. மேல நெய்யி. நெய்யில்லாத ஊட்டுல நல்லெண்ணெய். தொட்டுக்க அப்பளம் ஒண்ணு, தயிரு சித்த. அதுக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் வீடியோ பாத்ததில்ல.

அந்த அரிசிம்பருப்புக்குப் பக்கத்துல ரண்டு கரண்டி கொத்துக்கறியை வெச்சு உண்டு பாரு. சில ஊட்டுல பருப்பும் கறியும் சேராதும்பாங்க. அது அவங்க சம்பிரதாயம். நான் சேத்துத்தான் உங்கறேன், எம்பத்தஞ்சு வயசாச்சு.

ஆனா ஒண்ணு கேக்கறேன். குடும்பத்தோட உங்கறதுக்குன்னு சொல்லித்தானே இத்தனையும் வாங்குனே? உன்ற அப்பன் எட்டரைக்கு டிவி முன்னால உங்கறான். உன்ற தங்கச்சி ரூமுக்குள்ள வட்டலை எடுத்துக்கிட்டுப் போயிடறா. நீ பத்தரைக்கு எந்திரிச்சு வந்து ஆறுன சோத்தைக் கெளறறே. போன வாரம் நீ ஆக்குன நூடுல்சுக்கு மொதல்ல யாரு கை வெச்சா? போனு வெச்சுச்சு. மேல இருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணு, ஆவி பறக்கறப்ப ஒண்ணு. ஆவி நின்னு போச்சுன்னு மறுபடியும் சூடு பண்ணி இன்னொண்ணு. உன்ற மச்சான் கையைக் கழுவிக்கிட்டு வந்து ஈரக்கையோடவே நின்னான். சட்டி ஒண்ணா இருந்து என்ன புண்ணியம், உங்கற நேரம் நாலா இருந்தா?

அதனால இந்த ஞாயித்துக்கெழமை நான் சொல்றதைச் செய்யி. ஆசாரத்துல பாயை விரி. போனெல்லாம் அட்டாலி மேல போவட்டும். உங்கம்மாயியை மொதப் பந்தியில ஒக்கார வெச்சு நீ பரிமாறு. அறுவது வருசமா அவ கடைசிப் பந்தி. கண்ணாடிச் சட்டியில போட்டாலும் சரி, ஈயம் பூசுன போசியில போட்டாலும் சரி, கரண்டி அடி வரைக்கும் போயி அள்ளோணும். மேலாப்புல அள்ளுனா மொதல்ல ஒக்காந்தவனுக்குக் கறி, கடைசியில வந்தவனுக்கு மசாலா.

மிச்சமானா அன்னைக்கு ராத்திரியே பிரிட்ஜுல வெச்சுரு. மறுநா வெள்ளனே தோசை மேல பரத்தி, ஒரு முட்டையை ஒடச்சு ஊத்திக்க. சொல்றதுக்குச் சொல்றேன். எங்கூட்டுல மிச்சமாயி நான் பாத்ததில்ல.