கசகசா இல்லாத குருமா

சிங்கப்பூரில் மாயக்காட்சி காண ஆசையா? லிட்டில் இந்தியாவின் கெர்பாவ் சாலைக்குப் போங்கள். 1900இல் எழுந்த டான் டெங் நியா வீட்டின் வண்ணங்களைப் பார்த்தாலே தலை கிறுகிறுக்கும், வழக்கு வராது. பக்கத்துக் கடையில் குருமாவுக்குக் கசகசா மட்டும் கேட்காதீர்கள். அபினிச் செடியின் விதையாயிற்றே, போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கு அதன்மேல் ஒரு கண். 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு என்கிற ஊரில், முந்திரி அரைத்த குருமாவை மாமியார்கூடக் குறை சொல்வதில்லை.

சினிமாவுக்கும் பத்தியச் சாப்பாடுதான். இயக்குநர் ராய்ஸ்டன் டானின் ‘15’ படத்துக்குத் தணிக்கையில் 27 வெட்டு. மனிதர் 2004இல் ‘கட்’ என்றே குறும்படம் எடுத்தார்: தணிக்கை அதிகாரியை சூப்பர்மார்க்கெட்டில் மடக்கும் ரசிகன், பிறகு ஆட்டம், பாட்டு. கத்தரிக்கோல் தந்த கிறக்கம் போலும். அது எந்தத் தடைப்பட்டியலிலும் இல்லை.