கணக்கில் வராத காற்றின் நன்றிக் கடிதம்

அனுப்புநர்
காற்று,
மில் லாக்ஸ் ஏரி,
மின்னசோட்டா மாநிலம், அமெரிக்கா.

பெறுநர்
ட்ரோலிங் மோட்டார் தயாரிக்கும் மாண்புமிகு நிறுவனத்தார் அனைவரும்,
(அட்டவணை அச்சிடும் பிரிவு).

பொருள்: மோட்டார் தேர்வுக் கணக்கில் என்னைச் சேர்க்காமல் விட்டமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: நூறு பவுண்டு எடைக்கு இரண்டு பவுண்டு உந்துவிசை என்னும் தங்கள் சூத்திரம்.

பெருமதிப்பிற்குரிய ஐயாமீர்,

மனு என்றதும் எவனோ குறை சொல்ல வந்துவிட்டான் என்று கோப்பை மூடிவிட வேண்டாம். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். உங்களால் நான் இந்த ஏரியில் நன்றாகப் பிழைத்து வருகிறேன்.

மில் லாக்ஸ் 200 சதுர மைலுக்கும் மேல் விரிந்த ஏரி. ஆனால் மிக ஆழமான இடமே 42 அடிதான். ஆழம் குறைவு என்பதால் நான் கொஞ்சம் மூச்சு விட்டாலே அலை செங்குத்தாக எழும்பும். மே மாத நடுவில் வால்ஐ மீன் பருவம் திறந்ததும் அலுமினியப் படகுகள் வரிசை கட்டி இறங்கும். அந்த மீன்காரர்களுக்கு நான் அளவாக வீசினால் செல்லப்பிள்ளை. நீர்ப்பரப்பு சிலிர்த்தால் உள்ளே இறங்கும் வெளிச்சம் குறையும், வால்ஐ தயங்காமல் இரைக்கு வரும் என்பது அவர்கள் அனுபவம். அந்தச் சிற்றலைக்கு ‘வால்ஐ சாப்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அளவு கொஞ்சம் மீறினால் அதே வாய்களில் எனக்குக் கிடைக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது.

உங்கள் தொழிலின் தொடக்கத்தையும் நான் அறிவேன். 1934இல், இங்கிருந்து மேற்கே வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில், ஓ.ஜி. ஷ்மிட் என்பவர் கார் ஸ்டார்ட்டர் மோட்டாரோடு புரொப்பெல்லரை இணைத்து ஒரு மின்மோட்டார் செய்தார். மின் கோட்டா நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. நோக்கம் நல்ல நோக்கம்: பெட்ரோல் எஞ்சினை அணைத்துவிட்டு, மீன் மிரளாமல், ஆள் நடக்கிற வேகத்தில் நகர்வது, வேண்டிய இடத்தில் நிற்பது. நகர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நிற்பதில்தான் உங்களுக்கும் எனக்கும் வழக்கு.

அந்த வழக்கில் எனக்குச் சாதகமான முதல் சாட்சி உங்கள் சூத்திரம். 14 அடி அலுமினியப் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெறும் படகு 250 பவுண்டு, ஆட்கள் இருவர் 360, சின்ன பெட்ரோல் எஞ்சின் 110, பேட்டரி 60, எரிபொருளும் தூண்டில் பெட்டியும் ஐஸ் பெட்டியும் 120. ஆக 900 பவுண்டு. கிலோவில் 400 சொச்சம். நூற்றுக்கு இரண்டு என்றால் 18 பவுண்டு உந்துவிசை போதும். கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் சிறிய மோட்டாரே 30 பவுண்டு. தேவைக்கு மேலேயே வாங்கிவிட்டோம் என்ற பெருமையோடு படகுக்காரர் ஏரிக்கு வருகிறார். நான் வாசலிலேயே காத்திருக்கிறேன்.

என் கணக்கு வேறு. மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசும்போது, எதிர்ப்படும் ஒவ்வொரு சதுர அடியையும் ஏறத்தாழ ஒரு பவுண்டு விசையோடு தள்ளுவேன். படகின் பக்கவாட்டும் அதில் உட்கார்ந்திருப்பவர்களின் முதுகும் சேர்ந்தால் 25, 30 சதுர அடி தேறும். அவருடைய 30 பவுண்டு மோட்டார் மொத்தமும் எனக்குக் கப்பம் கட்டவே சரியாகிவிடும். வேகத்தைப் பாதியாக்கினால் என் விசை கால்பங்காகக் குறையும். இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்காகும். நான் பார்ப்பது பரப்பை. நீங்கள் பார்ப்பது எடையை. கனத்த ஃபைபர் படகுக்குப் பெரிய எண்ணைக் கொடுக்கிறீர்கள். தண்ணீருக்குமேல் நிமிர்ந்து மிதந்து, தொட்டாலே வழுக்கிக்கொண்டு போகும் அலுமினியப் படகுக்குச் சின்ன எண்ணைக் கொடுக்கிறீர்கள். நான் யாரை எளிதில் தள்ளுவேனோ அவருக்கே குறைந்த ஆயுதம். இதைவிட வேறென்ன சலுகை வேண்டும்?

காற்றோ நீரோட்டமோ இருந்தால் கூடுதல் விசை தேவைப்படலாம் என்று சில கையேடுகளில் ஓர் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். மனசாட்சிக்காக எழுதியிருப்பீர்கள், நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு தூரம் யாரும் படிப்பதில்லை.

இரண்டாவது சாட்சி, பெட்டியின்மேல் பெரிதாக மின்னும் அந்தப் பவுண்டு. அது படகு நகராமல் நிற்கும்போது மோட்டார் தரும் இழுவிசை; ஓடத் தொடங்கினால் குறையும். அமெரிக்கச் சட்டப்படி 20 அடிக்கு உட்பட்ட மோட்டார் படகில் அடித்திருக்கும் கொள்ளளவுத் தகடோ குதிரைத்திறனில் பேசுகிறது. படகு ஒரு பாஷை, மோட்டார் ஒரு பாஷை, நடுவில் வாங்குகிறவர். அவர் 55 பவுண்டைப் பார்த்துப் பாய்ந்து போகும் என்று நம்புகிறார். 12 வோல்ட்டில் அது முழுமூச்சில் இழுப்பது 50 ஆம்பியர், அதாவது சுமார் 600 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். முழுக் குதிரைகூட இல்லை! அந்தச் சின்னப் படகு மணிக்கு நான்கைந்து மைலைத் தாண்டாது. வேகத்துக்காகப் பெரிய மோட்டார் வாங்குகிறவர் ஏமாறுவார். எனக்கு எதிராக நிற்பதற்காக வாங்குகிறவர் ஏமாற மாட்டார். இந்த இரண்டாவது ரகத்தைப் பெருக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

பேட்டரி விஷயத்தில் நீங்கள் காக்கும் மௌனமும் போற்றத்தக்கது. 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில், அதன் ஆயுளைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது பாதிதான். 50 ஆம்பியர் வீதம் இழுத்தால் ஒரு மணி நேரம். வேகமாக இழுக்கும்போது ஈய பேட்டரி இன்னும் குறைவாகத்தான் தரும் என்பதால் அதுவும் முழுசாகக் கிடைக்காது. படியில்லாமல் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மோட்டார், ஐந்து படி மோட்டாரைவிட மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் என்கிறீர்கள். உண்மைதான், மெதுவாகப் போகும்போது. நான் வீசுகையில் எல்லோரும் முழு வேகத்தில்தான் வைப்பார்கள். அங்கே மிச்சம் எதுவும் கிடையாது. லித்தியம் பேட்டரி பாதி எடையில் கிட்டத்தட்ட முழுக் கொள்ளளவையும் கொடுத்துவிடும். விலை அதிகம் என்பதால் பலர் இன்னும் என் பக்கமே இருக்கிறார்கள். 24 வோல்ட்டுக்குத் தாவி 70, 80 பவுண்டு மோட்டார் மாட்டுவோர், இரண்டு ஈய பேட்டரிகளை ஏற்றி, ஒரு சிறுவன் உட்காரக்கூடிய எடையை அதற்கே கொடுத்துவிடுகிறார்கள்.

மாட்டும் இடத்திலும் எனக்கு லாபம் உண்டு. மலிவு என்பதால் பெரும்பாலோர் பின்பலகையில் மாட்டுகிறார்கள். பின்னாலிருந்து தள்ளும்போது, கனமில்லாத அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, நான் ஒரு தட்டு தட்டினால் படகு திரும்பிவிடும். விவரம் தெரிந்த சிலர் மோட்டாரின் தலையைத் திருப்பி வைத்துப் படகைப் பின்புறமாக இழுத்துச் செல்கிறார்கள். அணியத்தில் மாட்டி முன்னாலிருந்து இழுப்பவர்கள் எனக்கு இன்னும் சிரமம் தருகிறார்கள். நல்ல வேளையாக அவர்களிலும் பலர் மோட்டார் தண்டின் நீளத்தை அளப்பதில்லை. புரொப்பெல்லர் ஓரடி ஆழத்திலாவது இருந்தால்தான் தண்ணீரைப் பிடிக்கும். தண்டு குட்டையாக இருந்தால், அணியம் அலையில் ஏறும்போதெல்லாம் அது வெளியே வந்து என்னைத்தான் கடைகிறது. எனக்கு வலிப்பதில்லை.

ஒரே ஒரு மனக்குறை, அந்த ஜிபிஎஸ் நங்கூரம். பொத்தானை அழுத்தினால் படகு தானாகவே திரும்பித் திரும்பி அதே இடத்தில் நிற்கிறது. நல்ல காலம், அதன் விலை பல வேளைகளில் சின்ன அலுமினியப் படகின் விலையையே மிஞ்சிவிடுகிறது. நாள் முழுக்க என்னோடு மல்லுக்கட்டினால் பேட்டரியையும் குடித்துவிடுகிறது. ஆகவே இந்தக் குறையைப் பெரிதுபடுத்தவில்லை.

ஆதலால் ஐயாமீர், சூத்திரத்தை மாற்ற வேண்டாம். பவுண்டைப் பெரிதாகவும், தண்டின் நீளத்தைச் சிறிதாகவும், ஆம்பியரைப் பெட்டிக்குள்ளேயும் அச்சிடும் வழக்கத்தைத் தொடர்ந்து கடைப்பிடிக்கும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காற்று.

நகல்: பெட்டியின் முன் நின்று யோசிக்கும் படகுக்காரர்களுக்கு, தகவலுக்காக.

மரங்கள் சூழ்ந்த சின்னக் குளம் என்றால் 30 பவுண்டு தாராளம். திறந்த ஏரி என்றால் எடைக் கணக்கு சொல்வதைப்போல இரண்டு மூன்று மடங்கு வாங்குங்கள். 14 அடிப் படகுக்கு 12 வோல்ட்டில் 55 பவுண்டு சரியாக இருக்கும். மோட்டார் மாட்டும் இடத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்த பிறகு தண்டின் நீளத்தை முடிவு செய்யுங்கள். சாதாரண கார் பேட்டரி ஆகாது. ஆழமாக இறக்கி ஏற்றினாலும் தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரியே வாங்குங்கள். வயரில் 60 ஆம்பியர் பிரேக்கர் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். காலையில் கிளம்பும்போது என்னை எதிர்த்தே போங்கள். பேட்டரி இறங்கித் திரும்பும் நேரத்தில் செலவில்லாமல் நானே உங்களைக் கரைக்குத் தள்ளிவிடுகிறேன்.