கால்வாய்க்குப் பேர் கொடுத்த கடன்கார வம்சம்

பக்கிங்காம் கால்வாய்க்குப் பக்கத்திலேயே முக்கால்வாசி ஆயுளைக் கழித்தவன் நான். அதன் கொசு எத்தனை மணிக்கு வரும், மழைக்காலத்தில் எந்தத் தெரு வரைக்கும் தண்ணி ஏறும், எந்த மாதம் வாடை தூக்கலாக இருக்கும் என்று கேளுங்கள், தூக்கத்தில்கூடச் சொல்வேன். யார் அந்தப் பக்கிங்காம் என்று கேட்டால் மட்டும் பேச்சைக் கொசுவுக்கே திருப்பிவிடுவேன்.

விடாமல் கேட்பவர்களிடம் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வராது. லண்டனில் ராணி இருந்த அரண்மனை இல்லையா, அந்த ஞாபகார்த்தமாக வெள்ளைக்காரன் வைத்த பேர் என்று அடித்துவிடுவேன். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா பையனுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அவன் இப்போதெல்லாம் என்னிடம் சந்தேகம் கேட்பதில்லை.

அரண்மனைப் பக்கிங்காம் வேறு, கால்வாய்ப் பக்கிங்காம் வேறு. அரண்மனைக்கு முன்னோடியான வீட்டை 1703-ல் கட்டியவர் ஜான் ஷெஃபீல்ட் என்ற பிரபு. கால்வாய்க்குப் பேர் தந்தவர், 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த மூன்றாவது பக்கிங்காம்-சாண்டோஸ் டியூக். இங்கிலாந்துப் பிரபுக்களில் டியூக்தான் உச்சி. ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு பங்காளித் தகராறுகூடக் கிடையாது. அதைக்கூட நான்தான் கிளப்பியிருக்கிறேன்.

சரி, இனியாவது ஒழுங்காகத் தெரிந்துகொள்வோம் என்று உட்கார்ந்தால், அந்தப் பட்டத்தை வைத்திருந்தது ஒரு குடும்பமல்ல, நாலு குடும்பம். முதலில் ஸ்டாஃபர்டுகள், 1444-ல். அவர்களில் முதல் டியூக் போர்க்களத்தில் செத்தார். அடுத்தவர் தலை 1483-ல் போனது. அதற்கடுத்தவர் தலையை 1521-ல் எட்டாம் ஹென்றி எடுத்தார். பிறகு வில்லியர்ஸ், 1623-ல். அப்பாவை 1628-ல் போர்ட்ஸ்மவுத்தில் ஒருவர் குத்திக் கொன்றார். மகன் 1687-ல் வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்தார். மூன்றாவது நம்ம அரண்மனை ஷெஃபீல்ட். அவர் மகனோடு 1735-ல் அதுவும் முடிந்தது.

இவ்வளவையும் பார்த்த பிறகும் நாலாவதாக, நம்ம கவர்னரின் கிரென்வில் குடும்பம் அதே பட்டத்துக்காகக் காத்துக் கிடந்தது. எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. முந்தைய ஓனர்கள் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டு விற்ற காரை, கலர் நன்றாக இருக்கிறதே என்று வாங்கி, இன்றுவரை தள்ளிக்கொண்டு போகிறவன் நான்.

கிரென்வில்கள் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. அமெரிக்காவில் ஸ்டாம்ப் வரி போட்டு வம்பை விலைக்கு வாங்கிய பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் இவர்கள் வீட்டு ஆள். அவர் மகன் ஒருவரும் பிரதமர். அந்த வீட்டுக்கு 1784-ல் மார்க்வெஸ் பட்டம் வந்தது. போதவில்லை. 1822-ல் ஆட்சிக்கு ஆதரவு கொடுத்து, அதற்குக் கைம்மாறாக டியூக் பட்டத்தை வாங்கிவிட்டார்கள். இந்த அரசியல் எல்லாம் நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், அதுவும் போச்சு.

இவர்களுக்கு ஒரு ஃபேமிலி ட்ரீ போட முயன்றேன். சொத்துள்ள வீட்டுச் சம்பந்தம் கிடைத்த போதெல்லாம் அந்த வீட்டுப் பேரையும் தங்கள் பேரோடு சேர்த்துக்கொண்டே வந்ததில் குடும்பப் பேரே ஐந்து ஆகியிருந்தது: டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். சரி, முன் பேரை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அப்பா ரிச்சர்ட், மகன் ரிச்சர்ட், பேரன் ரிச்சர்ட். ஒரே ஒரு இனிஷியலை ஆதாரில் முன்னாலும் பான் கார்டில் பின்னாலும் வைத்துக்கொண்டு பேங்க் பேங்காக அலைகிறவன், இந்த மரத்தில் ஏறியிருக்கவே கூடாது.

முதல் டியூக் ரிச்சர்ட் செலவாளி. பக்கிங்காம்ஷயரில் இருந்த ஸ்டோவ் மாளிகையில் பிரெஞ்சு ராஜாக்களுக்கே விருந்து வைத்தவர். 1827-ல் கடன் கழுத்தை நெரித்தது. செலவைக் குறைக்க வெளிநாடு போய்விடுவது என்று முடிவெடுத்தார். போவதற்கு மனைவி பேரில் ஒரு புது உல்லாசக் கப்பல் தயாரானது. நீங்கள் சிரிக்கலாம். செலவைக் கட்டுப்படுத்துகிற ஆப் ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டிவிட்டு, அதைத் திறக்கவே மறந்துபோன நான் சிரிக்க முடியாது.

இரண்டாம் டியூக் ரிச்சர்ட் அப்பாவையே தூக்கிச் சாப்பிட்டவர். வட்டிக்கு வாங்கி நிலம் சேர்த்தார். நிலத்தின் வருமானம் வட்டியைவிடக் குறைவு. சின்ன வயதில் ஸ்கூலில் படித்த கணக்குதான் இது, நானும் படித்தேன், எனக்கும் அப்போது வரவில்லை.

1845 ஜனவரியில் விக்டோரியா மகாராணி ஸ்டோவுக்கு விருந்தாளியாக வந்தார். திவாலின் விளிம்பில் நின்றுகொண்டே டியூக் மாளிகையை ஜொலிக்க வைத்தார். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு வியர்த்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று தவணையில் ஒரு சோபா செட் எடுத்தேன். வந்தவர்கள் ரொம்ப அடக்கமானவர்கள், பாய் போடுங்கள் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

1847-ல் அமீனாக்கள் ஸ்டோவுக்குள் நுழைந்தார்கள். டியூக் வெளிநாட்டுக்கு நழுவினார். கடன் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல். 1848-ல் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நாற்பது நாள் நடந்தது. தேறியது 75,000 பவுண்டு சொச்சம். அடுத்து 1850-ல் மனைவி விவாகரத்து வாங்கினார். 1861-ல் டியூக் இறந்தது லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனை ஒட்டிய ரயில்வே ஹோட்டலில்.

ஏலத்தில் போனதில் ஒரு படம் உங்களுக்கும் தெரியும். காதில் வளையம் போட்ட ஷேக்ஸ்பியர். 355 கினிக்கு அதை எடுத்த எல்லஸ்மியர் பிரபு பிறகு நாட்டுக்கே கொடுத்துவிட்டார். 1856-ல் லண்டனில் தேசிய உருவப்படக் கூடம் தொடங்கியபோது முதல் படமாகச் சேர்ந்தது அதுதான். இன்றைக்கும் அதற்கு சாண்டோஸ் ஓவியம் என்றே பேர். அந்த வீட்டிலிருந்து பேரைக் காப்பாற்றிய ஒரே ஆள் ஷேக்ஸ்பியர். அவரும் சொந்தக்காரர் இல்லை.

இனிதான் நம்ம ரிச்சர்ட், மூன்றாவது. 1844-ல் வயசு வந்ததும் அப்பா நீட்டிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தனக்கு வரவேண்டிய சொத்தை அப்பாவின் கடனுக்குத் திறந்துவிட்ட பிள்ளை. அப்புறம் பிரபு வம்சத்தில் யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தார்: வேலைக்குப் போனார். 1853 முதல் 1861 வரை லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயின் சேர்மன். பிறகு காலனிகளுக்கான மந்திரி. என் அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு கூட்டுறவு சங்கக் கடன். அதை அடைத்த கதையை நான் கல்யாணப் பந்தியில்கூட விடாமல் சொல்லியிருக்கிறேன்.

மனைவியை இழந்து, மூன்று மகள்களோடு 1875-ல் சென்னை வந்தார். அடுத்த வருடமே தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் என்ற அளவுக்குக் குறைக்கச் சொன்னவர், வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள். அது உயிரைப் பிடித்து வைக்கவே போதாது என்று மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். நம்ம டியூக்கும் ரிச்சர்ட், பேரில் டெம்பிளும் இருக்கிறதே, அவர்தான் இவர் என்று முடிவுகட்டி, நான் ரொம்ப நாள் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன். சரியான ஆளைத் திட்ட ஆரம்பித்தபோது என் பேச்சைக் கேட்க யாரும் மிச்சமில்லை.

கால்வாயை இவர் வெட்டியதாகவும் நினைக்காதீர்கள். சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதல் பகுதியை 1806 வாக்கிலேயே பேசில் காக்ரேன் என்ற வியாபாரி வெட்டியாகிவிட்டது. இவர் காலத்தில், 1877-78-ல், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் அளவுள்ள துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பட்டினி கிடந்த ஜனங்கள். 1878-ல் மொத்தக் கால்வாய்க்கும் பேர் வைத்தபோது அது கவர்னர் பேராகிவிட்டது. ஆபீசில் என் ஜூனியர் தயாரித்த ரிப்போர்ட்டின் அட்டையில் என் பேரைப் போட்டு அனுப்பியவன் நான், இதற்கு மேல் நியாயம் பேச எனக்கு வாயில்லை.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில்லும் 1876-ல் இவர் பேரில்தான் வந்தது. மில் 1996-ல் மூடப்பட்டது. கால்வாயின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. பறக்கும் ரயிலின் தூண்களை அதற்குள்ளேயே இறக்கிவிட்டோம்.

1889 மார்ச்சில் மூன்றாம் டியூக் இறந்தார். மூன்று மகள்கள், மகன் இல்லை. டியூக் பட்டம் ஆண் வாரிசுக்கு மட்டும் என்பதால் அன்றோடு முடிந்தது. சில்லறைப் பட்டங்களைக் கூறுபோட்டார்கள்: ஒன்று மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு, ஒன்று தூரத்து உறவான லிட்டில்டன் பிரபுவுக்கு, கின்லாஸ் என்பது மட்டும் மூத்த மகளுக்கு. ஸ்டோவ் மாளிகை 1923 முதல் பள்ளிக்கூடம்.

எங்கள் வீட்டிலும் ஒரு பட்டம் இருந்தது. தாத்தா கிராம முன்சீப். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரை கிராம அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பியது. அதற்கப்புறமும் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் ‘முன்சீப் வீட்டுப் பேரன்’ என்று போடவைத்தேன். போன முறை பிரஸ்காரர் அதை ‘முனிசிபல் வீட்டுப் பேரன்’ என்று அடித்துவிட்டார். தண்ணீர் வரி பாக்கி பற்றி விசாரிக்க சிலர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஜமீன், ஒரு மிட்டா, ஒரு பட்டாமணியம் இருந்திருக்கும். பத்திரிகையில் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ப்ரூஃப் பார்த்துவிடுங்கள். யாராவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எனக்கு ஒரு போன் அடியுங்கள். பாதித் தவணை கட்டிய சோபா செட் ஒன்று இருக்கிறது, மீதியை நீங்கள் கட்டினால் போதும்.