நேரத்தில் தோற்றோர் நிலை: ஒரு சதுரங்க சபையை முன்னிட்ட ஆராய்ச்சி

கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் பானை ஓட்டையும் பண்டிதர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டுவிட்டபடியால், ஆராய்ச்சிக்கு உட்படாத பொருள் இனி ஒன்றும் மிச்சமில்லை என்று சர்வகலாசாலை நண்பர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அவர்களுடைய அலுப்பைப் போக்கும் பொருட்டு, வாரந்தோறும் எண்ணிறந்த முறை உச்சரிக்கப்பட்டும் இதுவரை ஓர் அடிக்குறிப்பில்கூட இடம்பெறாத வாக்கியம் ஒன்றை இக்கட்டுரை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. அவ்வாக்கியம் வருமாறு: "ஜெயிச்ச கேம்தான், டைம் போயிடுச்சு."

ஆய்வுக் களம் சிங்கப்பெருமாள் கோயில். சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் மறைமலை நகருக்கு அடுத்த நிலையம். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்க, பாடலாத்ரி நரசிம்மர் குன்றைக் குடைந்த குகையில் தம் பாட்டுக்கு வீற்றிருக்கும் இவ்வூரில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடும் சதுரங்க சபைக்குப் பெயர்ப்பலகை இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற பதவிகளும் இல்லாதபடியால் சபை இதுகாறும் பிளவுபடாமல் இருந்துவருகிறது. ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், தொழிற்சாலையில் ஷிப்ட் இல்லாதவர், டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்த மாணவர் ஆகிய மூவகையினரும் அங்கே சமானஸ்கந்தர்களாக அமர்ந்து, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்ற கணக்கில் பிளிட்ஸ் ஆடுகிறார்கள். பத்து நிமிடமும் அதற்குக் குறைந்ததுமே பிளிட்ஸ் என்பது உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் இலக்கணம். ஐந்து நிமிடமே பிளிட்ஸ், மற்றவை சோம்பேறித்தனத்தின் பேதங்கள் என்பது திண்ணையின் இலக்கணம்.

சதுரங்கத்தில் காலம் புகுந்த வரலாறு மிக அண்மையது. திருவாரூர் மாவட்டத்துப் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் என்ற திருநாமத்தோடு கோயில் கொண்டிருக்கும் சிவபெருமான், அரசகுமாரியோடு சதுரங்கம் ஆடி வென்று அவளை மணந்ததாகத் தலபுராணம் கூறுகிறது. அந்த ஆட்டத்தில் கடிகாரம் வைத்திருந்ததாகத் தகவல் இல்லையாதலால், "நேரம் போய்விட்டது, இல்லாவிட்டால் பார்த்திருப்பீர்" என்று சொல்லும் வாய்ப்பு அரசகுமாரிக்குக் கிட்டவில்லை. மேல்நாட்டிலும் 1851-ம் ஆண்டு லண்டன் போட்டி வரையில், எதிராளி ஒரு நகர்த்தலுக்கு எத்தனை நாழிகை யோசித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1861-ல் ஆண்டர்சனும் கோலிஷும் ஆடிய பந்தயத்தில் மணற்குடுவை வந்தது. 1883-ம் ஆண்டு லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது. அதன் பிற்பாடு, முள் பன்னிரண்டை நெருங்குகையில் மெல்ல மேலே தூக்கப்பட்டு, பன்னிரண்டைத் தொட்டதும் சட்டென்று விழும் சிறு சிவப்புக் கொடி ஒன்று அக்கடிகாரத்தின் முகத்தில் பொருத்தப்பட்டது. ஆக, நாம் ஆராயும் வாக்கியத்தின் பிறப்புக்கு 1883 முன் எல்லை. பின் எல்லை சென்ற ஞாயிற்றுக்கிழமை.

இவ்வாக்கியத்தின் உட்பொருளைப் பற்றி அறிஞர்களிடையே இரண்டு தரிசனங்கள் உண்டு. காலவாதிகள் கூறுவது: ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்று ஆறு வகைக் காய்களோடு காலமும் ஏழாவது காய், அதை வீணே பறிகொடுத்தவன் ராணியைப் பறிகொடுத்தவனைக் காட்டிலும் எவ்வகையிலும் உயர்ந்தவன் அல்லன். ஸ்திதிவாதிகள் கூறுவது: பலகையில் காய்கள் நிற்கும் நிலையே சத்தியம், கடிகாரம் மாயை, இரண்டு யானையும் ராணியுமாக ஒருவன் நிற்க, எதிரே ஒற்றைச் சிப்பாயோடு ஒருவன் ஒண்டிக்கொண்டிருக்க, கொடி விழுந்தது என்ற ஒரே காரணத்தால் முன்னவன் தோற்றான் என்பது சாஸ்திர விரோதம். இவ்விஷயத்தில் சம்மேளனத்தின் சட்டம் முழுக்க முழுக்கக் காலவாதிகளின் பக்கம் நிற்கிறது. எதிரியிடம் வெறும் ராஜா மட்டும் இருந்தால் ஆட்டம் டிரா. ஒரு சிப்பாய் இருந்துவிட்டாலோ, அது ஒருநாள் கடைசிக் கட்டம் சேர்ந்து ராணியாகி, அந்த ராணி ஒருநாள் மேட் வைக்கக்கூடும் என்ற தூரத்துச் சம்பாவிதமே போதும், கொடி விழுந்தவர் தோற்றவரே. ஒரு சிப்பாயின் எதிர்காலத்தின்மீது இவ்வளவு நம்பிக்கை வைத்த சட்டம் வேறு எந்தத் துறையிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

தரிசனங்களை நூலளவில் ஆராய்வதோடு நில்லாமல், பிரத்யட்சப் பிரமாணத்தையும் நாடுவோம். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவருக்கும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கும் ஆட்டம். பெரியவருக்கு மூன்று காய்கள் அதிகம்; பையனுக்கு இரண்டு நிமிடங்கள் அதிகம். பெரியவர் மந்திரியை இரண்டு விரலால் பூப்போல எடுத்து, கட்டத்தின் நட்டநடுவில் வைத்து, ஒருமுறை திருகிச் சரிசெய்து, பின்பே கடிகாரத்தின் குமிழை அழுத்துகிறார். பையனோ காயைத் தள்ளுவதும் குமிழைத் தட்டுவதும் ஒரே வீச்சாக, இடையில் ஒரு சிப்பாய் உருண்டு கீழே விழுந்தால் இடக்கையால் எடுத்து வைத்துவிட்டு (ஆடிய கையாலேயே கடிகாரத்தை அழுத்தவேண்டும் என்ற விதி அவனுக்குத் தெரியும்) பலகையைப் பாராமல் கொடியையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஃபிளாக், சார்."

"எங்கே?" என்று மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்கிறார் பெரியவர். கொடி விழுந்து தொங்குகிறது. "ஜெயிச்ச கேம், தம்பி. இதோ பார், யானை இங்கே வந்தா செக். ராஜா இந்தப் பக்கம் போனா மேட், அந்தப் பக்கம் போனாலும் மேட்."

"ஆமா சார்."

"டைம் போயிடுச்சு."

"ஆமா சார்."

பையனுடைய அந்த 'ஆமா சார்' அலட்சியத்தினால் வந்ததன்று. ஆட்டத்தை அவன் எடுத்துக்கொண்டான். நிலையைப் பெரியவருக்கு விட்டுக்கொடுத்தான். ஒரே ஆட்டத்தில் இருவர் ஜெயித்து, ஒருவரும் தோற்காமல் எழுந்திருக்கும் இந்த அதிசய விவகாரமே வாராந்தரச் சபைகளின் ஜீவாதாரம் என்பது இக்கட்டுரையின் பிரதான சித்தாந்தம். யோசிக்கத் தாராளமாக நேரம் கொடுத்து ஆடும் நீண்ட ஆட்டத்தில் தோற்றவன், தன்னைவிட எதிரி கெட்டிக்காரன் என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டவன் அடுத்த ஞாயிறு வீட்டில் வேலையிருப்பதாகச் சொல்லிவிடுவான். பிளிட்ஸில் தோற்றவன் அடுத்த ஞாயிறு அரைமணி முன்னதாகவே வந்து காய்களை அடுக்குகிறான்.

இத்தகைய ஆட்டம் இவ்வூரில் வேரூன்றியதற்குத் தலச் சார்பான காரணம் ஒன்றும் உண்டு. இரணியன் வாங்கிய வரத்தை வாசகர் அறிவர்: மனிதனாலும் மிருகத்தாலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் சாவில்லை, வீட்டுக்கு உள்ளும் வெளியும் சாவில்லை. அவ்வரத்தின் இடுக்கில் புகுந்து அந்திவேளையில் வாசற்படியில் அவனைத் தீர்த்த மூர்த்தியின் ஊர் இது. இனிப் பிளிட்ஸ் ஆட்டத்து ராஜாவின் சாவை நோக்குக. யானையாலும் அன்று, குதிரையாலும் அன்று; வெள்ளைக் கட்டத்திலும் அன்று, கறுப்புக் கட்டத்திலும் அன்று; பலகைக்கு அரை அடி வெளியே, காய் எதுவும் தொடாமல், ஒரு சிவப்புத் தகரத் துண்டு சாய்ந்த மாத்திரத்தில் முடிந்துபோகிறது. திண்ணையோ உள்ளும் வெளியும் அற்ற இடம். சபை கூடுவதோ அந்திப்பொழுது. இவ்வளவு பொருத்தங்கள் தற்செயலாக அமையும் என்று கொள்வது ஆராய்ச்சி நேர்மைக்கு உகந்ததன்று. ஸ்திதிவாதிகளான உள்ளூர்ப் பெரியவர்கள் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. இரணியன் ஜெயிக்கிற பொசிஷனில் இல்லை என்பது அவர்கள் எடுத்துக்காட்டும் வேற்றுமை.

வேடிக்கை பார்ப்போரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆடுபவரின் கண்ணுக்கு ஒருபோதும் படாத நகர்த்தல், பின்னால் நிற்பவனுக்கு உடனே படுகிறது. அதைச் சொல்லலாகாது என்பது விதி. நெடுமூச்சு, தொண்டைக் கனைப்பு, "ஐயோ" என்று பாதியில் விழுங்கிய சொல் ஆகியவற்றால் இவ்விதி வாரந்தோறும் மீறப்படுகிறது. அதைக் காட்டிலும் கொடிய வேதனை கொடி விழுந்ததைப் பார்த்தவனுக்கு. ஆடுபவர் இருவரும் பலகையிலேயே ஆழ்ந்து கவனியாதிருக்க, இவன் மட்டும் கவனித்துவிட்டு, நடுவர் இல்லாத சபையில் எவரிடமும் சொல்லவும் முடியாமல், விழுந்த கொடியையும் ஆடுகிறவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலையைத் திரிசங்கு அறிந்திருப்பார்.

பார்வையாளர்களைப் பார்வையாளர்களாகவே விட்டுவைக்காமல் ஆட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளும் வழியைச் சென்னை வெகுநாள் முன்னரே கண்டுபிடித்துவிட்டது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் 1972-ல் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய மிகயீல் தால் சதுரங்கக் கழகத்தில், பிளிட்ஸில் ஜெயித்தவர் நாற்காலியிலேயே இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார் என்பது சம்பிரதாயம். நாற்காலியை விட மனமில்லாத சிறுவன் ஒருவன் அங்கே விடாமல் உட்கார்ந்து உட்கார்ந்து, 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனான். விசுவநாதன் ஆனந்தின் வேகத்துக்குக் காரணம் தேடுகிறவர்கள் அந்த வரிசையின் நீளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும். கழகத்துக்குப் பெயர் கொடுத்த தாலும் அதே 1988-ல், தம் 51-ம் வயதில், கனடாவில் நடந்த உலக பிளிட்ஸ் போட்டியில் முதலிடம் பெற்றார். எங்கள் சபையிலும் இச்சம்பிரதாயமே வழக்கு. மாதக் கடைசியில் நடக்கும் சிறு போட்டியில் மட்டும் சுற்று முறை. ஆள் ஒற்றைப்படையாகி 'பை' பெற்று, ஆடாமலே ஒரு புள்ளி வாங்கியவர் ஒருவரே அன்றைய தினம் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் டீ குடித்துக்கொண்டிருப்பவர்.

இனி, தலைகீழ் யானைப் பிரச்சினை. சிப்பாய் கடைசிக் கட்டம் சேர்ந்து ராணியாக வேண்டிய நேரத்தில் உபரி ராணி கைக்கு அகப்படாவிட்டால், வெட்டுப்பட்ட யானை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, "ராணி" என்று சொல்லிவிடுவது திண்ணை வழக்கம். சட்டம் இதை ஒப்புக்கொள்வதில்லை. யானை தலையால் நின்றாலும் யானைதான். 2017-ம் ஆண்டு கனடா தேசிய சாம்பியன்ஷிப்பின் கடைசி பிளிட்ஸ் ஆட்டத்தில் நோரிட்சின் என்பவர் இவ்விதமே கவிழ்த்து வைக்க, நடுவர் கடிகாரத்தை நிறுத்தி, அது யானையே என்று தீர்ப்பளித்தார். பட்டம் எதிரியான சம்புயேவுக்குப் போயிற்று. மேசையில் தேடியும் கிடைக்காத கறுப்பு ராணி அத்தனை நேரமும் சம்புயேவின் கையில் இருந்தது என்பது பிறகு வீடியோவில் தெரியவந்தது. வேண்டுமென்று செய்ததா, கைப்பழக்கமா என்ற விசாரணையில் நாம் இறங்கவேண்டியதில்லை. ஒரு ராணி குறைந்ததனால் ஒரு தேசத்தின் பட்டம் மாறியது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

செங்கல்பட்டும் திருக்கழுக்குன்றமும் கடந்தால் மாமல்லபுரம். அதன் ஓரத்துப் பூஞ்சேரியில் 2022 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 44-வது சதுரங்க ஒலிம்பியாடு நடந்தபோது, வேட்டி சட்டையோடு கைகூப்பிய குதிரைத் 'தம்பி' இவ்வட்டாரத்தில் சுவரெங்கும் நின்றான். அதன் பிறகு திண்ணைக்கு வரும் பையன்களின் வயது சரசரவென்று இறங்கிவிட்டது. அங்கே முதற் பலகையில் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்கள் வென்ற குகேஷ், பத்தாம் சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் ஜெயிக்கும் நிலையில் இருந்த ஆட்டத்தை, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கூடுதலாகக் கிடைக்கும் விநாடிகளில் தட்டுத் தடுமாறி ஆடித் தோற்றார். உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. குகேஷ் ஆடிய இந்தியாவின் இரண்டாம் அணிக்கு வெண்கலம். 2024 டிசம்பரில் அதே குகேஷ் உலகச் சாம்பியனானார். எங்கள் சபையில் அவருடைய வெற்றிகளை எடுத்துச் சொல்பவர் சிலர். பத்தாம் சுற்றை எடுத்துச் சொல்பவர் பலர். "பாத்தீங்களா, அவருக்கே!" என்பதற்குப் பின்னால் உள்ள ஆறுதலின் ஆழத்தை அளக்கக் கருவி இல்லை.

இவ்வளவு விரிவாக ஆராயும்படி நேர்ந்ததற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. சபைக்கு டிஜிட்டல் கடிகாரங்கள் வாங்கித் தர அன்பர் ஒருவர் முன்வந்திருக்கிறார். பாபி ஃபிஷர் 1988-ல் விண்ணப்பித்து மறு ஆண்டில் காப்புரிமை பெற்ற ஏற்பாட்டின்படி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டிரண்டு விநாடி தானே கூடிக்கொண்டிருக்கும் கடிகாரங்கள் அவை. உலக பிளிட்ஸ் போட்டிகள் மூன்று நிமிடமும் இரண்டு விநாடியுமாக அம்முறையில்தான் நடக்கின்றன. அன்பரின் நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால் விளைவை யோசிக்கவேண்டும். ஜெயித்த ஆட்டத்தை முடித்துக்கொள்ள இரண்டு விநாடி எப்போதும் கையிருப்பில் இருக்குமாயின், முடிக்காமல் போனவர் எதைச் சொல்வார்? முதல் வாரம் கடிகாரத்தின் பாட்டரியைச் சொல்வார். இரண்டாம் வாரம் திண்ணை விளக்கைச் சொல்வார். மூன்றாம் வாரம் வரமாட்டார். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரரை இழந்த சபையில் பத்தாம் வகுப்பு மாணவன் யாரிடம் 'ஆமா சார்' என்று சொல்வான்?

ஆகவே அந்த அன்பரை வேண்டிக்கொள்வது இதுதான்: கடிகாரங்களை வேறு எந்தப் பள்ளிக்கூடத்துக்காவது கொடுத்துவிடுங்கள். எங்களுக்குச் செட் ஒன்றுக்கு வெள்ளையில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக உபரி ராணிகள் வாங்கித் தந்தால் போதும். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குமேல் எப்போது கொண்டுவந்தாலும் திண்ணையில் ஆள் இருக்கும்.