மாமியார் மொழி, மருமகன் பாட்டு

கேள்வி: யூதர்களின் கல்யாண இசையான கிளெஸ்மரை ராக், ஜாஸ் என்று எதனோடெல்லாமோ கலக்கிறார்களே, கெட்டுப்போகாதா?

பதில்: கெட்டுப்போவதற்கு அது என்றைக்கு ஆசாரமாகத் தனித்திருந்தது? கிழக்கு ஐரோப்பாவில் ருமேனிய, உக்ரேனிய, ரோமா மெட்டுகளோடு பந்தியில் ஒன்றாக உட்கார்ந்த இசை அது. அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் ஜாஸும் ஒட்டிக்கொண்டது. கிளாரினெட் மட்டும் தன் விம்மலை விடவில்லை.

நியூயார்க்கில் 1986இல் பிறந்த ‘தி கிளெஸ்மாடிக்ஸ்’ என்ற கிளெஸ்மர் குழுவின் கதையைக் கேளுங்கள். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் உட்டி கத்ரி 1967இல் மறைந்தபோது, மெட்டில்லாத பாடல் வரிகளை ஏராளமாக விட்டுப்போனார். அவற்றில் யூதர்களின் ஹனுக்கா பண்டிகைப் பாட்டுகளும் உண்டு. கத்ரி யூதர் அல்லர். ஆனால் மாமியார் அலிசா கிரீன்பிளாட், யூதர்களின் இத்திஷ் மொழிக் கவிஞர். கோனி தீவில் இருவரும் அருகருகே வசித்தார்கள். ஒருவர் எழுத்தை மற்றவர் விமர்சிப்பாராம். (மாமியார் விமர்சனத்தை ரசித்த மருமகன் என்பதே தனிச் சாதனை!)

மகள் நோரா கத்ரி அந்த வரிகளைக் குழுவிடம் கொடுத்தார். அதில் விளைந்த ‘வொண்டர் வீல்’ இசைத்தொகுப்பு 2006இல் வெளியாகி, கிராமி விருதும் வாங்கியது.

அதற்கு முன்பே, கிறித்தவத் தேவாலய இசையான காஸ்பெல் பாணியில் பாடும் கறுப்பின யூதரான ஜோஷுவா நெல்சனோடும் இதே குழு மேடையேறியிருந்தது.