கேசரிக்கும் அல்வாவுக்கும் நடுவே ஒரு கேமரா

கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுத்தவர்களுக்குத் தெரியும், முப்பது பேரை நிற்க வைத்தால் யாராவது ஒரு சித்தப்பா கட்டாயம் கண்ணை மூடியிருப்பார். பாம்புக்கு இமையே கிடையாது. கண்ணை ஒளி ஊடுருவும் ஒரு செதில் மூடியிருக்கிறது, அவ்வளவுதான். சிமிட்டவே சிமிட்டாத ஆள் கிடைத்தாயிற்று, இனி எல்லாம் சுலபம் என்று பாம்பைப் படமெடுக்க நான் இறங்கியது இந்த ஒற்றைத் தகவலை நம்பித்தான்.

லண்டனில் எங்கள் வீட்டில் பாம்பு வளர்ப்பது நானல்ல, மகள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கார்ன் ஸ்நேக், பெயர் கேசரி. அமெரிக்காவின் தென்கிழக்குச் சீமை அதற்குப் பூர்வீகம். கரும்பழுப்பில் பொன்னிறத் திட்டுகளோடு ஒரு ராயல் பைத்தான், ஆப்பிரிக்க வம்சம், பெயர் அல்வா. விஷமில்லாத இந்த இரண்டையும் வளர்க்க பிரிட்டனில் உரிமம் வேண்டாம். நம்மூரிலோ ஒரு சாரைப்பாம்பைப் பிடித்துப் பெட்டியில் வைத்தால் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கதவைத் தட்டும். நானோ சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு என்று காசு வாங்காமல் படமெடுத்து, காசுக்குப் பதிலாகக் கர்வத்தைச் சேர்த்து வைத்திருந்தவன்.

முதல் படத்தில் கேசரியின் செதிலுக்குச் செதில் ஒரு வெள்ளைப் புள்ளி. கேமரா தலையில் செருகிய ஃபிளாஷை நேரே அதன்மேல் அடித்திருந்தேன். பளபளப்பான செதில், எதிரே இருக்கும் விளக்கை அப்படியே திருப்பிக் காட்டும். சின்ன விளக்கென்றால் ஊசிப் புள்ளி, பெரிய விளக்கென்றால் இதமான மினுமினுப்பு. போதாக்குறைக்கு லென்ஸின் நிழலும் பாதி உடம்பில் விழுந்திருந்தது. உடனே வெளிச்சத்தைப் பரப்பிப் பெரிதாக்கும் ஒரு சாஃப்ட்பாக்ஸ் வாங்கினேன். பாம்பு பயந்துவிடுமே என்ற கருணையில் அதை அறையின் அந்தக் கோடியில் நிறுத்தினேன். புள்ளிகள் திரும்பி வந்தன. எத்தனை பெரிய விளக்கும் எட்டப் போனால் பாம்புக்குச் சின்ன விளக்குதான். அதைக் கிட்டே இழுத்து, படத்துக்குள் தெரியாத அளவுக்குப் பக்கத்தில் சரிவாக நிறுத்திய பிறகுதான் செதிலின் உண்மை நிறம் வெளியே வந்தது.

இத்தனைக்கும் அந்தக் காசைச் செலவழித்திருக்கவே வேண்டாம். வருடம் பூராவும் நான் திட்டித் தீர்த்த லண்டன் மேகம், வானத்தில் விரித்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டி. ஜன்னலோரம் பாம்பை வைத்தால் அதைவிட நல்ல விளக்கு எந்தக் கடையிலும் இல்லை. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதும், நான் ஆபீஸிலிருந்து வர ஆறாகும் என்பதும் வேறு விஷயம்.

அடுத்தது லென்ஸ். 100 மி.மீ. மேக்ரோ, துளையை எஃப் 2.8 வரை அகலத் திறக்கலாம். அந்த 2.8-ஐ வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். சொன்னதற்காகவே அதிலேயே எடுத்தேன். கண் துல்லியம், மூக்கு மாயம், கழுத்து புகை. அத்தனை நெருக்கத்தில் அந்தத் துளையில் துல்லியமாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. சரி, மூடுவோம் என்று எஃப் 22-க்குப் போனேன். துளை அளவுக்கு மீறிச் சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மழுங்கும் என்பதை மூக்கும் கண்ணும் சேர்ந்தே மங்கியபோது படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் மரியாதையாக இருக்கிறேன்.

நாக்கு விஷயத்தில் என் வீரம் தனி. பாம்பு நாக்கை நீட்டுவது காற்றிலுள்ள வாசனைத் துகள்களை எடுத்து வாய்க்கூரையில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் சேர்ப்பதற்காக. நீட்டி இழுத்துக்கொள்வதற்குள் என் விரல் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். ஷட்டரை 1/1000-க்கு ஏற்றி ஃபிளாஷும் அடித்தேன். படத்தில் பெரும்பகுதி கறுப்புத் திரை. ஃபிளாஷ் பழுது என்று கடைக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினேன். கையேட்டின் பக்க எண்ணை மட்டும் குறித்துப் பணிவாகப் பதில் வந்தது. ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. சுமார் 1/200 நொடிக்குமேல் வேகம் போனால் முதல் திரை முழுக்கத் திறப்பதற்குள் இரண்டாவது மூட ஆரம்பித்துவிடும், ஃபிளாஷ் அந்த இடுக்கில் மட்டும் விழும். நாக்கை நிறுத்துவது ஷட்டரே அல்ல. சக்தியைக் குறைத்து வைத்தால் ஃபிளாஷ் வெளிச்சம் ஒரு நொடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீடிக்கும், வேலையை முடிப்பது அதுதான். 1/200-லேயே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

சத்தம் கேட்டால் கேசரி மிரளுமே என்று இன்னொரு நாள் கேமராவை மௌன முறைக்கு மாற்றி, அறை விளக்கிலேயே எடுத்தேன். படத்தில் அதன் உடம்பில் குறுக்குப் பட்டைகள்! கலப்பில் ஏதோ அபூர்வ ரகம் வாய்த்துவிட்டது என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அப்பா, பட்டை சுவத்துலயும் இருக்கு பாருங்க.”

இருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மட்ட ரக எல்.இ.டி. பல்பு நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கும். மௌன முறையில் வரிவரியாகப் படிக்கும் மின்னணு ஷட்டர் அதை அப்படியே பட்டைகளாகப் பிடித்துக் காட்டியிருக்கிறது. அதே பல்பின் மஞ்சளும் ஃபிளாஷின் வெள்ளையும் கலந்த ஒரு படத்தை மதுரையிலிருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். “ஏன்டா, பாம்புக்கு மஞ்சக்காமாலையா?” என்று கேட்டாள். வீட்டு விளக்கை அணைத்திருந்தால் போதும்.

இதிலெல்லாம் நான் தேறிய பிறகு ஒருநாள் எல்லாம் கூடிவந்தது. கேசரியின் கண்ணில் மட்டும் பால் படர்ந்த மாதிரி ஒரு நீலம். லென்ஸைத் துடைத்தேன், ஃபில்டரைக் கழற்றினேன், கோணத்தை மாற்றினேன். மகள் கடந்து போகிற போக்கில், “தோலுரிக்கப் போகுதுப்பா, விட்டுடுங்க” என்றாள். பழைய தோலுக்கும் புதுத் தோலுக்கும் நடுவே திரவம் ஊறும்போது கண் அப்படி மங்கும். அந்த நாட்களில் பாம்புக்குச் சரியாகத் தெரியாது, சிடுசிடுப்பும் ஜாஸ்தி. உரித்து முடித்த மறுநாள் அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை எடுத்ததையெல்லாம் அழித்துவிடத் தோன்றும்.

அல்வா எனக்குக் கொடுத்தது பெயருக்கேற்றபடிதான். தூக்கி வெளியே வைத்தால் பந்தாகச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். என் ஆல்பத்தில் அதன் முகமே இல்லை. அசையாமலிருக்க பாம்பைக் குளிரவைக்கும் ஆசாமிகள் உண்டு; சுற்றுச் சூட்டை நம்பி வாழும் உயிருக்கு அது சித்திரவதை, அப்படி வரும் படம் எனக்கு வேண்டாம். கிண்ணத்தால் மூடி, இருட்டில் அடங்கியதும் மெல்லத் திறந்து எடுப்பது யோக்கியமான வழி. அதைக் கேசரியிடம் செய்து பார்த்தேன். மூடினேன், காத்திருந்தேன், ஃபோகஸ் சரியா என்று திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டே திறந்தேன். கிண்ணத்துக்கு அடியில் மேசை மட்டும் இருந்தது. ஒரு பக்கம் புத்தகத்தின் விளிம்பில் ஏறி நின்றிருந்த கிண்ணத்தின் இடுக்கு, கேசரிக்குத் தாராளம்.

சோபாவைப் புரட்டினோம். ரேடியேட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்தோம். “ஏங்க, கல்யாணத்துக்கு எடுக்கிற கேமராவைக் கல்யாணத்தோட வெச்சுக்கக் கூடாதா?” என்றாள் மனைவி. நடுராத்திரிக்குமேல் வெறுத்துப்போய்க் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுப் படுத்தேன். ஜிப்பைப் பாதிதான் இழுத்திருக்கிறேன்.

காலையில் கேசரி அந்தப் பைக்குள் இருந்தது. இருட்டும் இடுக்கும் அதற்கு எப்போதுமே பிடிக்கும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் இதமாக விழ, தலையை ஒரு சாண் தூக்கி, நாக்கை நீட்டி, என்னை நேராகப் பார்த்தது. செதிலில் ஒரு புள்ளிகூட இல்லை. கேமரா அதற்கு அடியில் இருந்தது.