அடுத்த கோடைக்குப் பார்த்துக்கலாம்

ஏசி வாங்க வசதியிருந்தும் வாங்காத ஓய்வூதியர், சென்னையில் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் பக்கம் அதிகமாகத் தென்படுவார். வங்கியிலோ மத்திய அரசு அலுவலகத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஃப்ளாட் சொந்தம், கடன் கிடையாது, பிள்ளை வெளிநாட்டில். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தபோது முதல் வாரத்திலேயே போய் மீதியைப் போட்டவர். 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வருகிறது. ஒன்றரை டன் ஏசியும் ஸ்டெபிலைசரும் வாங்கி, சுவரில் ஓட்டை போட்டவருக்குக் கூலி கொடுத்த பிறகும் அதில் மிச்சம் இருக்கும். எனவே பண விஷயத்தில் இவருக்காக யாரும் இரக்கப்பட வேண்டாம்.

குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதும் இல்லை. பாதி ஆயுளை ஏசி ஹாலில் கழித்தவர். அலுவலகம் டிக்கெட் கொடுத்த காலத்தில் இரண்டாம் வகுப்பு ஏசியில் காஷ்மீர் வரை குடும்பத்தோடு போய் வந்தவர். இப்போதும் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் பாஸ்புக்கில் என்ட்ரி போட வாரம் இரண்டு முறை வங்கிக்குப் போவார். 15எச் படிவத்தைப் பற்றிய சந்தேகங்களெல்லாம் இவருக்கு மே மாதத்து மத்தியானங்களில்தான் எழும். டோக்கன் எடுத்து ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தன் எண் வந்ததும் பின்னால் நிற்பவரைப் பார்த்து, “நீங்க போங்க சார், எனக்கு ஒண்ணும் அவசரமில்லை” என்பார். இந்தப் பெருந்தன்மை டிசம்பரில் காணக் கிடைக்காது.

கால் டாக்ஸி, விமானப் பயணம் ஆகியவற்றிலும் வசதியிருந்தும் செலவழிக்காத இதே போக்கு உண்டு. அவை அவ்வளவு ஆழமானவை அல்ல. நல்ல மழை பெய்தால் கால் டாக்ஸிக்கு இளகிவிடுவார். ஏசி விஷயம்தான் வேர்விட்டது.

ஏசியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் என்று இவரை எண்ணிவிடக் கூடாது. டன் என்பது பெட்டியின் எடை அல்ல, ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தின் கணக்கு, அதாவது மணிக்கு 12,000 பி.டி.யூ. என்று கடைப் பையனுக்குப் பாடம் எடுப்பார். காப்பர் காயிலா அலுமினியமா, ஆர்-32 கேஸ் வந்த பிறகு ஆர்-22 போட்ட பழைய பெட்டியை வைத்திருக்கலாமா, மாடிக்கு நேர் கீழே உள்ள அறைக்கு ஒரு டன் போதுமா என்றெல்லாம் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஷோரூமுக்குப் போய் விலை விசாரித்து, வங்கி கொடுத்த பழைய டைரி ஒன்றில் குறித்து வைக்கிறார். அந்த டைரியில் பல வருஷத்து விலை இருக்கிறது. அப்படியொரு பதிவு கடைக்காரரிடமே இருக்குமா என்பது சந்தேகம்.

வாங்காமைக்கான காரணங்கள் காலவரிசைப்படி பின்வருமாறு. 2018-இல் ஸ்டார் கணக்கிடும் முறை மாறியது. புது முறை நிலைபெறட்டும் என்றார். 2022 ஜூலையில் மறுபடி இறுக்கினார்கள். நேற்றைய ஐந்து ஸ்டார் இன்று நான்காகிவிட்டது, வாங்கியிருந்தால் ஏமாந்திருப்போமே என்று அன்று முழுக்க உற்சாகமாக இருந்தார். இடைப்பட்ட காலமெல்லாம் 28 சதவீத ஜி.எஸ்.டி.யைத் திட்டுவதில் போயிற்று. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி அது 18 ஆகக் குறைந்தபோது வீட்டில் எல்லோரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். “இறங்க ஆரம்பிச்சிருக்கு, இன்னும் இறங்கும். அதோட மழைக்காலம் வேற வருது. அடுத்த கோடைக்குப் பார்த்துக்கலாம்” என்றார்.

இவையெல்லாம் உதிரிக் காரணங்கள். மூல காரணம் மின்கட்டணம். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். 2016 முதல் ஆரம்ப 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றவருக்கு அடுத்த நூறு யூனிட் தலா 2.25 ரூபாயாக இருந்தது. 500-ஐத் தாண்டியவருக்கு அதே நூறுக்கும் தலா 4.50. ஆகவே 501-ஆவது யூனிட்டுக்கு அதன் சொந்த விலையான 8 ரூபாயோடு, முன்பே எரித்த நூறு யூனிட்டுக்கு 225 ரூபாயும் சேர்ந்து 233 ரூபாய் விழுந்தது. இதைப் போட்டுப் பார்த்த இரவு இவர் தூங்கவில்லை. புழுக்கத்தால் அல்ல, கிடைத்ததே ஒரு காரணம் என்ற சந்தோஷத்தால்.

அன்று முதல் 500 என்பது இவருக்கு இலட்சுமணன் கிழித்த கோடு. தினமும் காலையில் பால் பாக்கெட்டை எடுக்கும் கையோடு மாடிப்படிக்குக் கீழே குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் மீட்டரைப் படித்து, நாட்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதுகிறார். பக்கத்து மீட்டர்களையும் படிக்கிறார். “மூணாம் நம்பர் வீட்டுக்காரங்க நேத்து மட்டும் பதினாலு யூனிட்” என்று காபியோடு அறிவிக்கிறார். மழை பெய்து ஊரே குளிர்ந்த நாளிலும் இந்தப் பணி நிற்பதில்லை. இத்தனை காவலுக்குள்ளும் இவர் வீட்டுக் கணக்கு, ஒரே ஒரு கோடை தவிர, வேறு எந்தக் கோடையிலும் 300-ஐத் தாண்டியதில்லை.

வெயிலைப் பற்றி யாராவது முனகினால் 2003 மே 31-ஐ எடுத்து நீட்டுவார். அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது உண்மை. “அன்னைக்கே நாங்க ஃபேன்லதான் தூங்கினோம்” என்பதும் உண்மையாக இருக்கலாம். ‘நாங்க’ என்பதில் அடங்கிய மற்றவரை யாரும் விசாரித்ததில்லை. அவர் காலை ஆறு மணிக்கு அடுப்படிக்குள் நுழைந்து, காற்றில் அடுப்பு அணைந்துவிடும் என்பதால் ஃபேனும் போடாமல், சமையல் முடித்து வெளியே வரும்போது ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருக்கும். ஒரு மணி நேரம் குளிர்ந்த அறையில் காலை நீட்டிப் படுக்க அவருக்கு வழியில்லை. “அவளுக்கு ஏசி ஒத்துக்காது” என்று கணவர் வந்தவர்களிடம் சொல்கிறார். வங்கிக்குப் போகும்போது மனைவியைக் கூட்டிக்கொண்டு போவதும் இல்லை. இதைச் சிக்கனம் என்ற கணக்கில் எழுத முடியாது. தன் பிடிவாதத்தின் செலவை இன்னொருவர் உடம்பிலிருந்து எடுப்பது இது.

மனைவிக்கு ஏசி ஒத்துக்கொள்ளும் என்பதற்குச் சாட்சியும் உண்டு. மகள் பிரசவத்துக்கு வந்த கோடையில் இவர் யாரும் கேட்காமலே மூன்று மாத வாடகைக்கு ஏசி எடுத்தார். குழந்தை மேல் நேராகக் காற்றுப் படுகிறதா என்று இரவில் இரண்டு தடவை எழுந்து, உள்ளங்கையைத் தொட்டில் மேல் நீட்டிப் பார்த்துவிட்டுப் படுத்தார். பில் 500 யூனிட் கோட்டைத் தாண்டி எங்கோ போயிற்று; வாய் திறக்கவில்லை. பாட்டியும் அந்த அறையில்தான் மூன்று மாதம் நன்றாகத் தூங்கினார். மகள் ரயில் ஏறிய மறுநாள், வாடகைக் கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போதே பெட்டி இறங்கிப் போய்விட்டது.

ஏசி வாங்குகிற மற்றவர்களுக்கு இவரைவிட நல்ல துணை கிடைக்காது. கட்டடத்தில் யார் வாங்கினாலும் கடைக்குக் கூடப் போவார். பேரம் பேசி ஸ்டெபிலைசரையும் பொருத்தும் கூலியையும் இனாமாக்குவார். தண்ணீர்க் குழாய்க்குச் சரிவு போதுமா என்று ஏணிக்குக் கீழே நின்று பார்ப்பார். மூன்றாம் நம்பர் வீட்டு ஏசியும் அப்படி வந்ததுதான். வெளிப் பெட்டிக்குப் பின்னால் காற்று ஓட இடம் வேண்டும் என்று, அதைப் பொருத்த வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் சுவரில் குறித்துக் கொடுத்தார். அன்றிரவு முதல் அதன் அனல் நேராக இவர் படுக்கையறை ஜன்னலுக்குள் வீசுகிறது. பெட்டியை மொட்டை மாடிக்கு மாற்றச் சொல்லி அடுக்ககச் சங்கத்தில் மனு கொடுத்திருக்கிறார். எத்தனை அடி காப்பர் குழாய் கூடுதலாகத் தேவைப்படும், அடி என்ன விலை என்ற விவரத்தையும் டைரியைப் பார்த்து எழுதி இணைத்திருக்கிறார்.